இரண்டு சைக்கிள், ஒரே சாலை

மழைக்காலம் ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிவிட்டால், திண்டுக்கல் பைபாஸில் ஒரு தனி ரக ஆட்கள் கண்ணில் படுவார்கள். கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பைகள், பின்னால் சின்னதாக ஒரு தேசியக்கொடி, வெயில் உரித்த மூக்கு. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கோ, கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கோ சைக்கிள் மிதிக்கிறவர்கள். இவர்கள் யாரும் திண்டுக்கல்லைத் தேடி வருவதில்லை. சாலை கொண்டுவந்து விடுகிறது. ஸ்ரீநகரில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 44, கரூர் தாண்டி வேடசந்தூர், திண்டுக்கல், கொடைரோடு, வாடிப்பட்டி, மதுரை என்று போய்க் கன்னியாகுமரியில் முடிகிறது. 3,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இதுதான் நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை. வடக்கேயிருந்து வருகிறவருக்குத் திண்டுக்கல் வந்துவிட்டால் பாக்கி சுமார் 300 கிலோமீட்டர். கடலே கண்ணுக்குத் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு தெம்பு வந்துவிடும்.

இவர்களில் தனியாள் உண்டு, நண்பர் கூட்டம் உண்டு. புருஷனும் பெண்டாட்டியுமாக வருகிறவர்கள் குறைவு. அப்படி ஒரு ஜோடி டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்தால் பெஞ்சில் இருப்பவர்கள் ஆணிடம் கேட்பது, “எங்கேருந்து வர்றீங்க, எத்தனை நாளாச்சு, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?” பெண்ணிடம் கேட்பது ஒன்றே ஒன்று: “உங்களால முடியுதாம்மா?”

கேட்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. கூடவே இரண்டு மலைவாழைப்பழத்தை எடுத்துக் கையில் கொடுத்துக் காசு வேண்டாம் என்பவர்களும் அவர்கள்தான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு இந்த நாட்டின் சாலைகளில் 125 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது. சொன்னவர் பெயர் ஃபேனி புல்லக் வொர்க்மன்.

கவர்னர் மகள், கைவிட்ட டாக்டர்

ஃபேனி 1859-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா அந்த மாநிலத்தின் கவர்னராக இருந்தவர், பணத்துக்குக் குறைவில்லை. கணவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மன், ஏறக்குறைய 12 வயது மூத்தவர், டாக்டர். உடம்பு சரியில்லையென்று 1889-ல் தொழிலைக் கைவிட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போனார். சரியில்லாத அந்த உடம்போடு பிறகு ஆயிரக்கணக்கான மைல் சைக்கிள் மிதித்து, காரகோரம் பனியாறுகளில் ஏறி இறங்கி, 90 வயதில்தான் கண்ணை மூடினார். டாக்டர்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொள்ளும் மருந்துச்சீட்டு எப்போதும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும் போலிருக்கிறது.

அவர்களுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகன் சின்னஞ்சிறு வயதிலேயே, 1893-ல் இன்ஃப்ளுயன்சாவும் நிமோனியாவும் கண்டு இறந்துபோனான். அதற்குப் பிறகுதான் இருவரும் நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில் இறங்கினார்கள். மகள் ஐரோப்பாவில் தாதிகளிடமும் பள்ளி விடுதிகளிலும் வளர்ந்தாள். இதற்காக ஃபேனியை அன்றைக்கும் திட்டினார்கள், இன்றைக்கும் திட்டுகிறார்கள். அதே காரியத்துக்காக வில்லியமைத் திட்டியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

காலமும் தோதாக அமைந்தது. முன்சக்கரம் ஆளுயரம் நிற்கும் பழைய சைக்கிளில் பெண்கள் ஏறுவது நடக்காத காரியம். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவான ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று நம் வீட்டில் நிற்கும் சைக்கிளுக்குத் தாத்தா அதுதான். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் ஒரு பெண் பாவாடையோடு ஏறி நெடுந்தூரம் போவது என்பதே நடக்கும் காரியமானது. வொர்க்மன் தம்பதி முதலில் அல்ஜீரியா போனார்கள். அடுத்து 1895-ல் ஸ்பெயின். ஆளுக்கு 20 பவுண்டு சுமை, நாளுக்குச் சராசரி 45 மைல், சில நாட்களில் 80 மைல் வரை. ஃபேனியின் ஹேண்டில்பாரில் ஒரு தேநீர்க் கெண்டி தொங்கும். துரத்தும் நாய்களுக்கென்று கையில் ஒரு சாட்டை.

1897-ல் கீழை நாடுகளுக்கு வந்து, இரண்டரை ஆண்டுகள் சுற்றினார்கள். இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை சைக்கிள். நடுநடுவே இலங்கை, பர்மா, ஜாவா. 1904-ல் வெளிவந்த அவர்களது பயணநூலின் துணைத்தலைப்பே 14,000 மைல் சைக்கிள் ஓட்டியதாகச் சொல்கிறது. டீத்தூள், சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டின் இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு கம்பளி, எழுதுபொருள், மருந்து, பஞ்சர் ஒட்டும் சாமான். இவ்வளவுதான் மூட்டை. இன்றைக்கு நெடும்பயணம் கிளம்புகிறவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: பாலாடைக்கட்டி போய்ப் பவர் பேங்க் வந்திருக்கிறது, மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே என்று கூடியவரை ரயில் பாதையை ஒட்டியே ஓட்டினார்கள். தங்க இடம் அகப்படாத இரவுகளில் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் படுத்தார்கள். அந்த நாளில் நம் பக்கத்தில் அது சாத்தியம்தான். திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875-லேயே ரயில் வந்துவிட்டது. எலி ஓடும் அறை, கொசுக்கடி, தண்ணீர் கிடைக்காத பகல். எல்லாவற்றையும்விடக் கொடுமை முள். சில நாட்களில் 40 பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள். டயரைக் கழற்றி, டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் தேய்த்து, ஒட்டு போட்டு, காற்றடித்து மாட்ட ஒரு பஞ்சருக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் 40-க்கு ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அத்தனைக்குப் பிறகும் அந்த இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதே பெரிய விஷயம். கல்யாணத்துக்கு இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது.

அவர்களை முழுக்கக் கொண்டாடவும் முடியவில்லை. புத்தகம் கோயில் கட்டடங்களைக் கொண்டாடிய அளவுக்கு, அந்தக் கோயில் வாசலில் நின்ற மனிதர்களைக் கண்டுகொள்ளவில்லை. மலையேற்றங்களில் கூலியாட்களோடு ஓயாத தகராறு. இந்தத் தேசம் தங்கள் வசதிக்காக விரித்துப் போட்ட ஜமுக்காளம் என்கிற வெள்ளைக்கார நினைப்பு இருவரிடமும் நிறையவே இருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்கள் மேல் மரியாதை. யார் பெரியவர் என்கிற கணக்கு அந்த ஜோடிக்குள் இருந்ததாகத் தெரியவில்லை. புத்தகங்களில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே இருக்கும். பின்னாளில் இமயப் பயணங்களின்போது, ஒரு வருஷம் ஒருவர் ஏற்பாடுகளையெல்லாம் பார்த்தால் மற்றவர் படம் எடுப்பது, அளப்பது, குறிப்பெடுப்பது. அடுத்த வருஷம் வேலை மாறும். 1906-ல் பினக்கிள் சிகரத்தில் ஏறியபோது ஃபேனிக்கு வயது 47. சுமார் 6,930 மீட்டர். பெண்கள் எட்டிய உயரத்தில் அந்தச் சாதனை 1934 வரை நின்றது. 1912-ல் சியாச்சின் பனியாற்றுப் பகுதியில், ‘பெண்களுக்கு ஓட்டுரிமை’ என்று கொட்டை எழுத்தில் போட்ட செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு ஃபேனி நிற்கும் புகைப்படம் உலகப் பிரசித்தம். அந்தப் படத்தை எடுத்தது புருஷன்.

அவர்களுக்குப் பின்னால் இன்னும் சில ஜோடிகள். அமெரிக்காவின் பார்பரா, லாரி சாவேஜ் தம்பதி 1978-லிருந்து 1980 வரை உலகைச் சுற்றியபோது இந்தியாவிலும் மிதித்தார்கள். கூட்டம் கூடி வெறித்துப் பார்ப்பது பார்பராவை வாட்டியது. அவர் எழுதிய பயணநூல் 1983-ல் அச்சாகி வருவதற்குள், சைக்கிளில் போகும்போது நேர்ந்த விபத்தில் அவர் இறந்துவிட்டார். ஒடிசாவைச் சேர்ந்த ஓவியர் பி.கே. மஹானந்தியாவின் கதை வேறு மாதிரி: டெல்லியில் சந்தித்து மனம் கலந்த சார்லட் ஸ்வீடன் திரும்பிவிட, 1977-ல் ஒரு பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டு ஐரோப்பா வரை போய்ச் சேர்ந்தார். ஜோடிப் பயணம் என்று இதைச் சொல்ல முடியாதுதான். ஜோடி சேர்வதற்கான பயணம்.

டபுள்ஸ் காலம்

இந்தச் சமவெளியின் சொந்தச் சைக்கிள் ஜோடிகளைப் பற்றி யாரும் புத்தகம் போடவில்லை. அவர்களுக்குத் தேசம் சுற்ற நேரமும் இருக்கவில்லை. பேகம்பூர்த் தோல் ஷாப்புக்கும், சின்னாளபட்டித் தறிக்கும், வேடசந்தூர்ப் பக்கத்து நூல்மில்லுக்கும், நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கும் ஓடிய சைக்கிள்கள் அவை. அவர் மிதிப்பார், பின்னால் கேரியரில் ஒருபக்கமாகக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள். முன்பாரில் துண்டைச் சுற்றி ஒரு பிள்ளை. மடியில் தூக்குச்சட்டி. டபுள்ஸ் போனாலும், இரவில் டைனமோ விளக்கு எரியாவிட்டாலும், போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிட்ட காலம். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகையில் யார் மேல் தப்பு என்று புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு விசாரணை நடக்கும். தீர்ப்பு எப்போதும் கேரியரில் உட்கார்ந்தவருக்கு எதிராகத்தான்.

கேரியரிலிருந்து சீட்டுக்கு வர அந்தப் பெண்களுக்கு வெகுகாலம் பிடித்தது. நம் கிழக்கே, புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் அதைச் செய்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று வைத்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவு செய்தபோது ஒரு ருசியான சங்கதியையும் எழுதினார்: லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளே எடுத்தார்கள், சிலர் அதையே விரும்பியும் எடுத்தார்கள், முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று. இத்தனை வருஷம் அப்பா உட்காரவைத்த இடத்தில் இப்போது அம்மா.

பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசு இலவச சைக்கிள் வந்தது. பிளஸ் ஒன் படிக்கும் பெண், கிராமத்துச் சாலையில் கூட்டாளிகளோடு மூன்று சைக்கிள் அகலத்துக்குப் பேசிக்கொண்டே போவது இன்றும் நம் மாலை நேரக் காட்சிதான். ஆனால் அந்த மிதி பிளஸ் டூவோடு நின்றுவிடுகிறது. கல்லூரிக்குப் பஸ். கல்யாணத்துக்குப் பின் மொபெட், ஸ்கூட்டர். குற்றம் சொல்லவில்லை; நாலு ஊருக்குப் போய்வர வேண்டியவளுக்கு எஞ்சின் பெரிய விடுதலை. ஆனால் சைக்கிள் ஊருக்குள் விளையாட்டுச் சாமானாகத் திரும்பி வந்தபோது, ஹெல்மெட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு அதிகாலையில் சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்த மனைவி வீட்டில் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ‘ஜோடியாக நாடு சுற்ற ஆசை, இவளுக்கு வராது’ என்று சொல்லும் கணவன்மார்கள், கடைசியாக எப்போது அவளுக்கென்று ஒரு சைக்கிள் வாங்கினார்கள் என்று சொல்லட்டும்.

கிளம்புகிறவர்களுக்கு

காஷ்மீர் பிறகு இருக்கட்டும். முதல் ஒத்திகைக்குத் திண்டுக்கல்லைப் போன்ற இடம் அமைவது அபூர்வம். ஊர் ஒரு மேட்டில் இருக்கிறது. கரூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 120 மீட்டர், மதுரை 130 மீட்டரை ஒட்டி. நடுவில் திண்டுக்கல் சுமார் 270. பஸ்ஸில் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது. கரூரிலிருந்து மிதித்து வருகிறவரின் தொடைக்குத் தெரியும். ஏற்றம் என்று கண்ணுக்குப் படாது, வண்டி மட்டும் ஏனோ இழுக்கும். பிரேக் கட்டை உரசுகிறதோ என்று இறங்கிப் பார்ப்பார்கள். மதுரைப் பக்கம் திரும்பினால் அந்தக் கடனெல்லாம் வட்டியோடு திரும்பி வரும்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடியில் உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம் வழியாக இந்தச் சமவெளியில் அடித்து வீசும். அந்த மாதங்களில் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு மேற்கே போகிறவர், 60 கிலோமீட்டரும் யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதை உணர்வார். புத்திசாலிகள் சைக்கிளைப் பழனிக்கு ரயிலில் பார்சல் போட்டுவிட்டு அங்கிருந்து கிழக்கே மிதிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக்கு விட்டுவிடலாம். மார்கழி, தை, மாசிதான் நமக்கு.

தையில் ஒரு சங்கதி. தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரைக் கூட்டம் செட்டிநாட்டுப் பக்கமிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகவும், மதுரைப் பக்கமிருந்து செம்பட்டி வழியாகவும் வந்து சாலையை நிரப்பிவிடும். வேகமாகப் போக முடியாது. ஆனால் சாப்பாட்டுக்கும் மோருக்கும் வழியெங்கும் அன்னதானப் பந்தல், படுக்க மண்டபம், இரவெல்லாம் ஆள் நடமாட்டம். முதல்முறை வெளியூர்ச் சாலையில் போகும் ஜோடிக்கு இதைவிடப் பத்திரமான வாரம் வருஷத்தில் கிடையாது. மற்ற நாட்களில் அதே சாலையில் மாலைக்கு மேல் போவதைத் தவிர்ப்பது நல்லது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிய லாரிகள் விடிவதற்குள் கேரளா சேர வேண்டிய அவசரத்தில் இருக்கும்.

மதுரைக்குப் போக நான்குவழிச் சாலைதான் வேண்டுமென்பதில்லை. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக் கடைகளைத் தாண்டினால் காந்திகிராமம். அங்கே கொஞ்சம் நிற்கலாம். டி.எஸ். சௌந்தரமும் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. டாக்டர் மனைவியும் காந்தியவாதிக் கணவரும் சேர்ந்து ஒரு கிராமத்து மருத்துவமனையையும் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்விக்கூடத்தையும் உண்டாக்கிய இடம். சௌந்தரம் பிறகு திண்டுக்கல் தொகுதி எம்.பி.யாகி, மத்தியக் கல்வித் துணை அமைச்சரும் ஆனார். அங்கிருந்து அம்பாத்துரை, கொடைரோடு; பிறகு நிலக்கோட்டை வழியாகச் சோழவந்தான் இறங்கினால் வைகைக் கரைத் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் நிழல் தரும். லாரிச் சத்தம் இல்லாமல் இருவரும் பேசிக்கொண்டே போகக்கூடிய சாலை அது.

ஜோடிக்கென்று சில விதிகள். மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால் போக வேண்டும். வேகக்காரர் முன்னால் போனால் அரை மணியில் கண்ணுக்கு மறைந்து, ஒரு புளியமரத்தடியில் காத்திருந்து, மற்றவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் ‘கிளம்பலாமா’ என்பார்; சண்டை அங்கேதான் தொடங்குகிறது. சுமையை எடையில் பாதியாகப் பிரிக்காமல் பலத்துக்குத் தக்கபடி பிரியுங்கள். ஆனால் பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப்பம்பும் இருவரிடமும் தனித்தனியாக இருக்கட்டும். ஒட்டவும் இருவருக்கும் தெரியட்டும். உடைமுள்ளும் நெருஞ்சியும் ஆண் பெண் பார்ப்பதில்லை. சாலையோர நிழலில் சைக்கிளை உருட்டும் முன் தரையைப் பார்க்க வேண்டும். வெட்டிப்போட்ட கருவேலங்கிளை ஒன்று போதும், அரை நாள் போய்விடும். பூட்டுக்குப் பேர்போன ஊர் என்று இங்கே ஒரு மாங்காய்ப் பூட்டை வாங்கி மாட்டிக்கொள்ள நினைக்காதீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அருமையான சாமான்; ஏற்றத்தில் அதன் அருமை முழங்காலுக்குத் தெரியும். பிரியாணியைப் பகலில் சாப்பிட்டுவிட்டு வெயிலில் மிதிக்கவும் கூடாது. அது இரவுக்கு.

மிக முக்கியமானதைப் பயணக் குறிப்பு எழுதும் ஆண்கள் எழுதுவதே இல்லை. கழிப்பறை. இந்த ஒன்றுக்காகவே பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் ஓட்டி, மயங்கி, நீர்க்கடுப்பு வந்து பயணத்தை நிறுத்திய பெண்கள் உண்டு. நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்குகளையும் டோல்கேட்டையும் கணக்கிட்டே நிறுத்தங்களை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பங்கில் கழிப்பறை பூட்டியிருந்தால் சாவியைக் கேட்டு வாங்குங்கள். கூச்சப்படத் தேவையில்லை, கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

சாலை யாருக்கு?

பழைய ஏழாம் எண் சாலை நான்குவழியாகி 44 ஆனதில் லாரிக்கும் காருக்கும் லாபம். சைக்கிளுக்கு மிஞ்சியது வெள்ளைக்கோட்டுக்கு வெளியே ஒரு முழம். அதிலும் எதிர்த்திசையில் பைக், சரளை, உடைந்த கண்ணாடி. சர்வீஸ் ரோடு திடீரென்று முடிந்து ஒரு மண்மேட்டில் கொண்டுபோய் விடும். மேம்பாலம் ஏறும் இடத்தில் ஒரு வினாடி தடுமாறினால் போதும். நாற்பது பஞ்சரைச் சமாளித்துவிடலாம். தூக்கக் கலக்கத்தில் வரும் ஒரு டிரைவரை எப்படிச் சமாளிப்பது? தைரியமில்லாததால் பெண்கள் இந்தச் சாலைக்கு வரவில்லை என்று சொல்வது அபாண்டம்; பிள்ளையைப் பெற்றவள் யோசிக்கத்தான் செய்வாள்.

இதற்குத் தீர்வு சொல்ல வெளிநாட்டு உதாரணமெல்லாம் வேண்டாம். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலையோரம் பாதயாத்திரை பக்தர்களுக்கென்று தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். வருஷத்தில் சில வாரம் நடக்கிறவர்களுக்காக நெடுஞ்சாலைத் துறையால் அதைச் செய்ய முடிந்தது. வருஷம் முழுக்க மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற சைக்கிள்களுக்காக 44-ன் சர்வீஸ் ரோட்டை ஊருக்கு ஊர் அறுபடாமல் இணைப்பதும், அதில் ஒரு சைக்கிள் தடம் ஒதுக்குவதும் முடியாத காரியமில்லை. திண்டுக்கல் பைபாஸிலிருந்து கொடைரோடு வரையாவது இதை முதலில் செய்து காட்டுங்கள் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தையும் மாவட்ட நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.